பருத்திக்கு இமிடா அடிச்சா பக்கத்துத் தேன்பெட்டி சாகுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பேரையூர்க் கரிசல்:

வணக்கம் அண்ணேங்களா, அக்காங்களா. நமக்கு டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவுல கரிசக்காடு. ரெண்டு ஏக்கர் பருத்தி, கிணத்துப் பாசனம். நாப்பது நாள் பயிரு, சப்பை (பூ மொட்டு) எடுக்க ஆரம்பிச்சிருச்சு. இப்பப் பாத்து தத்துப்பூச்சி ஏறி இலை ஓரமெல்லாம் மஞ்சளாகி கீழ்ப்பக்கமா வளையுது, அங்கங்க கொழுந்துல அசுவினியும் ஒட்டிக் கெடக்கு. எப்பவும் உரக்கடையில இமிடாகுளோபிரிட் 17.8 குடுப்பாய்ங்க, அடிச்சா ரெண்டு மூணு நாள்ல பயிர் தெளிஞ்சிரும், அதனால நானும் வேற யோசிச்சதில்ல.

இப்ப பிரச்சினை என்னன்னா நம்ம காட்டுக்குக் கெழக்க பங்காளி ஒருத்தரு முருங்கைத் தோப்புல தேன்பெட்டி வச்சிருக்காரு. போன வெள்ளாமையில நான் அடிச்ச வாரத்துலயே பெட்டி வாசல்ல ஈ செத்துக் கெடந்துச்சு, மிச்சம் கொறஞ்சுக்கிட்டே போச்சுன்னு சத்தம் போட்டு ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசுற அளவுக்குப் போயிருச்சு. இது வெளிநாட்டுல தடை பண்ண மருந்துன்னு அவரு சொல்றாரு. கடைக்காரரு கேட்டா, இருக்குற மருந்துலயே இதுதான் சாது, சாயங்காலம் அடிங்க ஒண்ணும் ஆகாதுங்கிறாரு. யாரு சொல்றது நெசம்? நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க. "இயற்கைக்கு மாறிருங்க"ன்னு ஒத்த வரியில சொல்லிட்டு மட்டும் போயிராதீங்க, கடன் வாங்கி வெதச்சிருக்கேன்.

---

உசிலம்பட்டி மாமா:

தம்பி, நான் மருந்து அடிக்க ஆரம்பிச்ச காலத்துல இமிடாவெல்லாம் கிடையாது, மோனோகுரோட்டோபாஸ்தான். செகப்பு முக்கோணம் போட்ட டப்பா. அடிச்சிட்டு வந்தா தலை சுத்தும், வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கும், கண்ணு மங்கும், ஒரு சொம்பு மோர குடிச்சுட்டுப் படுத்துருவோம். அது நரம்பக் கெடுக்கிற விஷம்னே எங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்ப் பக்கம் அதக் குடிச்சுச் செத்தவங்கள எண்ணுனா கை விரல் பத்தாது, ஆத்திரத்துல கைக்கு எட்டுற எடத்துல அந்த டப்பா இருந்துச்சு, அம்புட்டுதான் காரணம். 2013ல பீகார்ல பள்ளிக்கூடச் சாப்பாட்டுல 23 பிள்ளைங்க செத்துச்சே, அந்த எண்ணெயில கலந்திருந்ததும் மோனோதான். காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005லயே சொல்லியாச்சு, மொத்தமா நிறுத்த உத்தரவு வந்தது 2023ல. இடையில எத்தன வருசம்னு நீங்களே பாத்துக்கங்க.

அதனால இமிடா வந்தப்ப எங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஏக்கருக்கு அரை லிட்டர் ஊத்துன எடத்துல 40, 50 மில்லி போதும்னாய்ங்க. நாத்தம் இல்ல, அடிச்ச ஆளு மயங்கி விழல. இந்த நல்லதச் சொல்லாம கெட்டத மட்டும் பேசுறவங்க முதுகுல டேங்க் தூக்குனவங்களா இருக்க மாட்டாங்க. தேனீ பத்தி எனக்குத் தெரியாது, அதத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

---

தேன்பெட்டி:

நானும் பெட்டி வச்சிருக்கேன், அழகர்மலைப் பக்கம், அடுக்குத் தேனீ. உங்க பங்காளிக்காகப் பேசுறேன்னு நெனைக்காதீங்க, முதல்ல அவரு பெட்டி மருந்துலதான் செத்துச்சான்னு பாக்கணும். 1991 வாக்குல தாய்லாந்து சாக்புரூடுன்னு ஒரு வைரஸ் வந்து தென்னாட்டுல இருந்த அடுக்குத் தேனீப் பெட்டிய பெரும்பாலும் காலி பண்ணிட்டுப் போச்சு, இன்னைக்கும் அப்பப்ப தலை காட்டுது. அதுல வளந்த ஈ சாகாது, அறைக்குள்ள இருக்குற புழுதான் தண்ணி கோத்த பை மாதிரி ஆகிச் சாகும். மருந்துன்னா வளந்த ஈ வாசல்ல கொத்தாக் கெடக்கும், நெறைய ஈக்கு நாக்கு வெளிய நீட்டியிருக்கும், சிலது செத்தும் சாகாம சுத்திச் சுத்தி நடுங்கிக்கிட்டு கெடக்கும். ஒரு அடைய எடுத்துப் பாத்தாலே விவரம் புரிஞ்சிரும். பெரியவங்க உக்காந்து பேசுனதுக்கு முன்னாடி இதப் பாத்திருக்கணும்.

ஆனா இமிடாவுல இன்னொரு கொடுமை இருக்கு. அளவு கம்மியாப் போனா ஈ உடனே சாகாது. வழி மறந்துரும். மேயப் போன ஈ பெட்டிக்குத் திரும்பாது, வாசல்ல பொணமும் இருக்காது, ஒவ்வொரு நாளும் பெட்டி இளைச்சுக்கிட்டே போகும். "கொறஞ்சுக்கிட்டே போச்சு"ன்னு உங்க பங்காளி சொன்னதப் படிச்சதும் எனக்கு இதுதான் தோணுச்சு. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனா தோணுச்சு.

அப்புறம் சாயங்காலம் அடிக்கிற கதை. சைப்பர்மெத்ரின் மாதிரி மேல பட்டுக் கொல்ற மருந்துக்கு அது ஓரளவு சரி, ஈ பெட்டிக்குப் போனப்புறம் அடிச்சா நேரா மேல படாது. இமிடா செடிக்குள்ள போற மருந்து அண்ணே. நீங்க ராத்திரி அடிச்சாலும் அது சாறோட ஏறி அடுத்த நாளும் அதுக்கடுத்த வாரமும் பூவுல தேன்ல மகரந்தத்துல இருக்கும். ஈ காலையில வந்து அதத்தான் குடிக்கும். பெட்டிய ஒரு நாள் மூடி வச்சாலும் பிரயோசனம் இல்ல, எத்தன நாள் மூடி வைப்பீங்க?

---

ஒத்தக்கடை அக்கா:

வேளாண் கல்லூரியில படிச்சவ, இப்ப நானும் காடு வச்சிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

தம்பி, உங்க பருத்தி வெதை பாக்கெட்ட எடுத்துப் பாருங்க. வெதை செகப்பாவோ வேற கலர்லயோ இருந்திருக்கும். அது அழகுக்குப் பூசுன சாயம் இல்ல, பிடி (Bt, மரபணு மாத்துனது) பருத்தி வெதை பெரும்பாலும் இமிடா பூசித்தான் வருது. அதாவது நீங்க டேங்க எடுக்குறதுக்கு முன்னாடியே செடி அந்த மருந்தக் குடிச்சுத்தான் மொளைச்சிருக்கு. முதல் ஒரு மாசம் போல சாறு உறிஞ்சிகள் வராம அது காப்பாத்தும், அது நெசமான நல்லது, சின்னப் பயிருல ஸ்பிரே மிச்சம். ஆனா அதுக்கப்புறம் நாப்பதாவது நாள் உங்க செடியில உக்காந்திருக்கிற தத்துப்பூச்சி எது? அந்தக் கம்மியான டோசத் தாங்கிப் பொழச்சது. அது மேலயே திரும்ப இமிடா அடிச்சா அதுலயும் பொழைக்கிறது மட்டும் குட்டி போடும். நம்ம நாட்டுப் பருத்திப் பகுதிகள்ல தத்துப்பூச்சிக்கு இமிடா கேக்கலங்கிறது ஆராய்ச்சிக்காரங்க பதிவு பண்ண விசயம், கடைக்காரரு "கம்பெனி சரக்கு சரியில்ல"ம்பாரு, அப்படியில்ல.

இதுல இன்னொரு கூத்து. இமிடா கேக்கலன்னா கடையில தயாமீத்தாக்சாம் குடுப்பாங்க, அதுவும் கேக்கலன்னா அசிட்டாமிப்ரிட். மூணும் பேருதான் வேற, நியோநிகோட்டினாய்டுங்கிற ஒரே வகை, பூச்சி நரம்புல ஒரே பூட்டத் தொறக்கிற மூணு சாவி. மாத்தி அடிச்சேன்னு நாம நெனைச்சுக்கிறோம், பூச்சிக்கு ஒண்ணும் மாறல.

தேனீ விசயத்துக்கு வர்றேன். 17.8ங்கிறது லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் மருந்து. ஏக்கருக்கு 40 மில்லின்னா 8 கிராம், கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, மாமா சொன்ன அந்தக் கொஞ்சம் அளவு இதுதான். ஆனா ஒரு தேனீ வயித்துக்குள்ள போயி அதக் கொல்ல வேண்டியது சில நானோகிராம். 8 கிராம்ங்கிறது 800 கோடி நானோகிராம். எல்லாம் தேனீ வாய்க்குப் போகாதுதான், மண்ணுல விழும், இலையில நிக்கும், வெயில்ல அழியும், ஆனா அளவு கம்மிங்கிறது பூச்சிக்கும் கம்மின்னு அர்த்தம் ஆகாது. மனுசனுக்கும் பூச்சிக்கும் நரம்புல அந்த இடம் வேற மாதிரி அமைஞ்சிருக்கு, பூச்சியோடதுலதான் இது இறுக்கமா ஒட்டும். அதனாலதான் அடிக்கிற ஆளுக்குச் சாது, ஈக்கு எமன். கடைக்காரரும் உங்க பங்காளியும் ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்லியிருக்காங்க, ஆளுக்குப் பாதி. "சாயங்காலம் அடிச்சா ஒண்ணும் ஆகாது"ங்கிறது மட்டும் தப்பு.

தடை விசயமும் அப்படித்தான். ஐரோப்பிய யூனியன்ல 2013ல தேனீ வர்ற பயிர்களுக்குக் கட்டுப்பாடு வந்துச்சு, 2018ல இமிடாவோட சேத்து மூணு மருந்த திறந்த வெளியில அடிக்கவே கூடாதுன்னாங்க, மூடுன பசுமைக்குடிலுக்கு மட்டும் அப்ப விட்டாங்க. நம்ம நாட்டுல தடை இல்ல.

பூக்காத பயிர்தானே, இப்ப அடிச்சா என்னன்னு கேப்பீங்க. பருத்தியில அது செல்லாது. பருத்தி இலையத் திருப்பி அடியில நடு நரம்பப் பாருங்க, சின்னப் புள்ளி மாதிரி ஒரு குழி இருக்கும், அதுல தேன் சுரக்கும். பூ விரியுறதுக்கு முன்னாடியே எறும்பும் குளவியும் ஈயும் அதுக்கு வரும். போதாததுக்கு அசுவினி கழியுற இனிப்புத் தண்ணியிலயும் மருந்து எறங்கும், அத நக்க வர்ற நல்ல பூச்சி சாகும். பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் போனா அடுத்து இலைச் சாற உறிஞ்சுற செஞ்சிலந்தி கெளம்பும், அதுக்கு இமிடா வேலையே செய்யாது. காய்ப்புழுவுக்கும் செய்யாது. நெறையப் பேரு புழுவப் பாத்துட்டு இமிடா அடிக்கிறாங்க, காசுதான் போகும்.

இப்ப என்ன செய்ய? யூரியா போட்டிருந்தா நிறுத்துங்க, தழைச்சத்து ஏறுன கொழுந்துக்குத்தான் தத்துப்பூச்சி ஓடி வரும். காட்டுல குறுக்க மறுக்க நடந்து இலைய எண்ணுங்க. இலைக்கு ஒண்ணு ரெண்டு தத்துப்பூச்சிக் குஞ்சுக்கு மேல பரவலா இருந்தாத்தான் மருந்து, வரப்போரம் நாலு செடியப் பாத்துட்டு முடிவெடுக்காதீங்க. இருந்தா புளோனிகாமிட் 50, ஏக்கருக்கு 60 கிராம். அது வேற வகை, பூச்சி சாறு உறிஞ்சுறத நிறுத்திப் பட்டினி போட்டுக் கொல்லும், அதனால மறுநாளே செத்துக் கெடக்கலையேன்னு திரும்ப அடிச்சிராதீங்க, நாலஞ்சு நாள் விடுங்க. தேனீக்கு இமிடா அளவுக்கு மோசம் கிடையாது, அதுக்குன்னு பகல்ல அடிக்கச் சொல்லல.

---

பச்சை மண்:

கேள்வியில வேணாம்னு சொல்லிட்டீங்க, இருந்தாலும் சொல்றேன். எதுக்கு இந்தக் கம்பெனி வெவகாரம்? வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை கெடைக்கும், ஒரு கிலோ வாங்கி ஊறப்போட்டு கஷாயம் வச்சு சோப்பு கலந்து அடிங்க, அசுவினி ஓடிரும். நம்ம தாத்தன் செஞ்சதுதான், ஒரு பயமும் இல்ல.

---

உசிலம்பட்டி மாமா:

மாப்ள, பயம் இல்லைன்னு யாரு சொன்னா? புகையிலையில இருக்குறது நிகோட்டின். இந்த நியோநிகோட்டினாய்டுங்கிற பேரே அதுலருந்து வந்ததுதான், அதே வேலையத்தான் ரெண்டும் செய்யுது. மனுச ஒடம்புக்கு இமிடாவ விட நிகோட்டின்தான் அதிக விஷம். எங்கய்யா காலத்துல புகையிலைக் கஷாயம் அடிச்சவன் வாந்தி எடுத்துப் படுத்த கதை எங்க வீட்டுலயே இருக்கு. செடியிலருந்து வந்துச்சுங்கிறதுக்காக அரளிக்கொட்டைய அரைச்சுக் குடிப்பீங்களா?

வேப்பங்கொட்டைன்னு சொல்லியிருந்தீங்கன்னா நானும் கைதட்டியிருப்பேன். 5 கிலோ பருப்ப இடிச்சு ராத்திரி ஊற வச்சு வடிகட்டி 100 லிட்டராக்கி அடிக்கிறது. ஆனா அது பூச்சி ஏறுறதுக்கு முன்னாடி செய்யுற வேலை. இலை வளைஞ்சப்புறம் வேப்பங்கொட்டைய இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா பருத்தி கெடைக்காது.

---

மூணாம் தலைமுறைக் கடை:

நானும் உரக்கடைதான் வச்சிருக்கேன், ஊரு பேரு வேணாம். எல்லாரும் கடைக்காரனத் திட்டுறீங்க, ஞாயந்தான், இருந்தாலும் ஒண்ணு சொல்லிக்கிறேன். வர்றவங்க பூச்சி பேரச் சொல்றதில்ல, ஒரு இலையக் கிள்ளி சட்டைப் பையில போட்டுக்கிட்டு வருவாங்க, அது வாடிச் சுருண்டு கெடக்கும், "இதுக்குக் குடு, நாளைக்கே கேக்கணும்". பணமும் பருத்தி எடுத்தப்புறம்தான். மெதுவா வேலை செய்யுறதக் குடுத்தா மூணாவது நாள் ஊர் பூராம் நம்ம கடை சரக்கு மட்டம்னு சொல்லிருவாய்ங்க. அதனால என்னாகுது, கடைக்காரன் ரெண்ட மூணக் கலந்து அடிக்கச் சொல்லிருறான். அதுதான் மத்த எல்லாத்தையும் விட ஆபத்து. 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்து அடிச்ச ஆளுங்க 20 பேருக்கு மேல செத்தாங்க, மருந்தக் கலந்து, ஆள் ஒசரம் வளந்த செடிக்குள்ள நின்னு, மூக்க மூடாம அடிச்சதுன்னு அப்ப பேசுனாங்க. அதுக்கப்புறம் நான் கலந்து அடிக்கச் சொல்றதே இல்ல.

டப்பாவோட மடிச்சு ஒரு தாள் வரும், எந்தப் பயிருக்கு எத்தன மில்லி, அடிச்சப்புறம் எத்தன நாள் கழிச்சுப் பறிக்கணும், எல்லாம் அதுல இருக்கு. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் படிங்க.

---

கண்மாய்க்கரை:

எல்லாரும் தேனீயப் பத்தியே பேசுறீங்க, நான் மேலூர்ப் பக்கம், பெரியாறு பாசனம், எங்களுக்கு நெல்லு. நெல்லுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிக்கு ஒரு காலத்துல இமிடா ஊத்தோ ஊத்துன்னு ஊத்துனாய்ங்க, இப்ப அது எங்க புகையானுக்குக் கேக்கிறதே இல்ல, அக்கா சொன்ன அதே கதைதான்.

நான் கேக்க வந்தது தண்ணி. வயல்ல அடிச்சது வடிகால்ல எறங்கி அடுத்தவன் வயலுக்குப் போயி கடைசியில கண்மாய்க்குத்தான வருது. இமிடா தண்ணியில நல்லாக் கரையும், மேலாக்க வெயில் பட்டா அழிஞ்சிரும், ஆனா அடியில சேத்துக்குள்ள வெயில் ஏது? ஜப்பான்ல ஷிஞ்சின்னு ஒரு ஏரி, சுத்தி நெல்வயல். 1993லருந்து அந்தப் பக்கம் இந்த வகை மருந்து புழக்கத்துக்கு வந்துச்சு, அதே வருசம் தண்ணியில இருக்குற கண்ணுக்குத் தெரியாத சின்ன உசுருங்க சரிஞ்சு, அதத் தின்னு வாழ்ந்த மீனும் போச்சு. வருசத்துக்கு 240 டன் புடிச்ச ஒரு மீனு 22 டன்னுக்கு வந்துச்சுன்னு 2019ல ஆராய்ச்சிக் கட்டுரையா போட்டாய்ங்க. மருந்து மீனக் கொல்லல, மீனோட சாப்பாட்டக் கொன்னுச்சு. வேற காரணமும் கூட இருக்கலாம்னு எதிர்த்துப் பேசுறவங்க உண்டு, ஆனா தேதி ஒத்துப்போறது சும்மா விட்டுட்டுப் போற மாதிரி இல்ல.

எங்க கண்மாயில மீன்பாசிக் குத்தகை எடுக்கிறவங்க, கொக்கு நாரை, மாடு கன்னு எல்லாம் அந்தத் தண்ணிதான். தும்பி புழுப் பருவத்துல தண்ணிக்குள்ளதான் கெடக்கும், கொசுப்புழுவத் திங்கும், அதுக்கும் இந்த மருந்து ஆகாது. அதனால டேங்க கழுவுன தண்ணிய வாய்க்கால்ல ஊத்துற ஆளப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது. கழுவுன தண்ணிய அதே காட்டுல அடிச்சு முடிச்சா என்ன கொறஞ்சிரும்?

இன்னொண்ணு, வெதைக்கிறப்ப மருந்து பூசுன வெதை மேல சிந்தும், மக்காச்சோளத்துலயும் இப்ப பூசித்தான் வருது. கௌதாரியும் மயிலும் பொறுக்கும். சிந்துனத மண்ணப் போட்டு மூடிட்டு வாங்க. மயில் நம்ம வெள்ளாமைய அழிக்குதுங்கிற கோவம் எனக்கும் இருக்கு, அதுக்காக வெசம் வைக்கிற வேலை வேணாம், கேசு வேற ஆயிரும்.

---

பேரையூர்க் கரிசல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இம்புட்டு விவரம் வரும்னு நெனைக்கல. அக்கா சொன்னபடி காலையில போயி இலையத் திருப்பிப் பாத்தேன், அந்தக் குழியில நெசமாவே எறும்பு மொய்ச்சுக்கிட்டு இருக்கு, இத்தன வருசம் பருத்தி போடுறோம் ஒரு நாள் கூட கவனிச்சதில்ல. எண்ணியும் பாத்தாச்சு. வடக்க பாதி மோசம், இலைக்கு மூணு நாலு குஞ்சு. தெக்க பாதி அப்படி ஒண்ணும் இல்ல, சில இலையில ஒண்ணு கூட இல்ல. வடக்க மட்டும் புளோனிகாமிட் அடிக்கலாம்னு இருக்கேன், தெக்க நாலு நாள் விட்டுப் பாக்கலாம்ல? பங்காளிகிட்ட நானா போயி பேசுறதுக்கு ஒரு மாதிரி இருக்கு, வீட்டுல உள்ளவங்க மூலமா சொல்லி விட்டிருக்கேன், அடையத் தொறந்து புழுவப் பாக்கச் சொல்லி.

வீட்டுல முக்கால் பாட்டில் இமிடா இருக்கு, அத என்ன பண்றது?

---

தேன்பெட்டி:

அடிக்கிற நாள முந்தின நாளே சொல்லிருங்க அண்ணே, அம்புட்டு போதும். பொழுது சாஞ்சு ஈ அடைஞ்சப்புறம் அடிங்க. காத்து கெழக்க அடிச்சா அன்னைக்கு வேணாம், நேரா தோப்புக்குத்தான் போகும்.

---

ஒத்தக்கடை அக்கா:

தெக்க விட்டுப் பாருங்க தம்பி, ஆனா நாலு நாள் கழிச்சு மறக்காம எண்ணணும். பாட்டில்ல காலாவதித் தேதி பாருங்க. தேதி இருந்தா பூட்டி வைங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாத எடமா. இந்த வருசம் இந்தப் பருத்திக்கு அது வேணாம். முருங்கைக்கு, சூரியகாந்திக்குன்னு யாராவது கேட்டாலும் குடுத்துராதீங்க.

---

உசிலம்பட்டி மாமா:

அந்த புளோனிகாமிட் வெலை எம்புட்டு இருக்கும்? இமிடா வெலைக்கு வராதுன்னு நெனைக்கிறேன்.

---

மூணாம் தலைமுறைக் கடை:

கூடத்தான் அண்ணே, பல மடங்கு. அதனாலதான் யாரும் கேட்டு வாங்குறதில்ல, நாங்களும் ரெண்டு மூணு பாக்கெட்டுக்கு மேல வைக்கிறதில்ல. பாக்கெட்டுல போட்டிருக்குற வெலைக்கு மேல குடுக்காதீங்க, பேட்ச் நம்பரோட பில்லு கேட்டு வாங்குங்க. துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா வேணாம்னு சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிருங்க, போலி சரக்கு இதுலதான் நெறைய நடமாடும்.